இரண்டு இருநூற்றுப் பதினேழு

பதிவேட்டம்மா புதுக்கூடத்தில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் கிடங்குக்காரர் உள்ளே வந்தார். ஒரு சாண் உயர மேடைமேல் நின்ற மேசைக்கு அடியில் அவள் இடுப்பு வரைக்கும் நுழைந்திருந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும் ஒற்றைச் செருப்பும்தான்.

“யாரும்மா அது? மயக்கமா?”

“மயக்கமெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணே. டார்ச் வெச்சிருக்கீங்களா?”

அவர் டார்ச்சை நீட்டினார். அவள் அதை அடித்து மேசையின் அடிப்பலகையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு கீறல் கிடையாது. நடுவில் மட்டும் மரவேலைக்கூடம் ஒன்றின் முத்திரை, அதன்கீழ் ஒரு வருடம். அந்த வருடத்தை அவள் மூன்று தடவை வாசித்தாள். நாட்டின் முதல் சட்டம் கையெழுத்தாகிப் பதினோரு ஆண்டு கழித்து வந்த வருடம் அது.

“போச்சு,” என்றாள் மேசைக்கு அடியிலிருந்தே.

அவளுக்குப் பெயரில்லாமல் இல்லை. ஆனால் அந்த அருங்காட்சியகத்தில் பத்தொன்பது வருடமாகப் பதிவேடுகளை வைத்துக்கொண்டிருப்பவள் என்பதால் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் அவள் பதிவேட்டம்மாதான். ஒரு பொருள் உள்ளே வந்தால் எழுதுவாள், வெளியே போனால் எழுதுவாள், இடம் மாறினால் எழுதுவாள். அவள் கையெழுத்தில் ஓர் அடித்தல் திருத்தலைக் காட்டினால் பந்தயம் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மற்றவர்கள் சொல்வார்கள். யாரும் ஜெயித்ததில்லை.

வெள்ளிக்கிழமை புதுக்கூடம் திறப்பு. நாடு பிறந்த கதையைச் சொல்லும் கூடம். அமைச்சர் வருகிறார். கூடத்தின் நடுநாயகமாக இந்த மேசை. ‘நம் முதல் சட்டம் கையெழுத்தான மேசை’ என்று ஓர் அடி நீளத்தில் அறிவிப்புப் பலகை. திங்கட்கிழமை காலை அந்தப் பலகையின் வாசகத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்லி அவள் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் எழுத்துப்பிழை பார்த்துவிட்டுக் கையெழுத்தைக் கிறுக்கியிருப்பார்கள். இவள் போய்ச் சிவப்புப் பதிவேட்டைத் திறந்தாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சிவப்புப் பதிவேடு, சேகரிப்புப் பொருள்களுக்கு. எண் 217: ‘மேசை. இரண்டு இழுப்பறை. முதல் பேரவைக்குப் பள்ளி ஒன்றிலிருந்து இரவலாகப் பெற்றது. அடிப்பலகையில் மாணவர் கீறல்கள்.’ கூடவே அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை எழுதிய கடிதம் ஒன்று கோப்பில் இருந்தது. நாட்டை உண்டாக்கியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காமல் விடுமுறையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கூடினார்களாம். வகுப்பறை மேசையில்தான் சட்டத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்களாம். ‘எங்கள் பள்ளியில் சேட்டை செய்யும் பிள்ளைகளை இந்த மேசைக்கு அடியில் உட்காரவைப்பது வழக்கம், அவர்கள் செய்து வைத்திருக்கும் அலங்கோலத்துக்கு நான் பொறுப்பல்ல’ என்று அந்த அம்மாள் முன்கூட்டியே கைகழுவியிருந்தார்.

அலங்கோலம் எங்கே? அதைத் தேடித்தான் அவள் மேசைக்கு அடியில் போனது.

வெளியே வந்து உட்கார்ந்து தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள். கிடங்குக்காரர் அவள் முகத்தைப் பார்த்து, “என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி இருக்க?” என்றார்.

“அண்ணே, உங்க பச்சை நோட்டுல இருநூத்திப் பதினேழு என்ன?”

கிடங்குக்காரர் அலுவலகச் சாமான்களுக்குப் பொறுப்பு. நாற்காலி, அலமாரி, குப்பைக்கூடை எல்லாம் அவருடைய பச்சைப் பதிவேட்டில். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். “மேசை. ரெண்டு இழுப்பறை. சாப்பாட்டு அறையில நாம டிபன் பாக்ஸ் வெக்கிற மேசை.”

பதிவேட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அருங்காட்சியகத்தின் முதல் குமாஸ்தா ஒரு புண்ணியவான். சிவப்பு நோட்டு ஒன்று, பச்சை நோட்டு ஒன்று. இரண்டையும் ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தார். பொருள்களில் எண்ணை எழுத வாங்கிய பெயின்ட் மட்டும் ஒரே டப்பா, வெள்ளை. அரும்பொருளுக்கும் வெள்ளை, குப்பைக்கூடைக்கும் வெள்ளை. பழைய கட்டடத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்குச் சாமான் மாற்றிய நாளில் சுமந்தவர்கள் எண்ணைப் பார்த்துத்தான் சுமந்தார்கள். இரண்டு மேசை, இரண்டிலும் 217. அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்? எது பளபளவென்று இருந்ததோ அதை வரலாறு என்று சேகரிப்பில் வைத்தார்கள். எது அசிங்கமாக இருந்ததோ அதைச் சாப்பாட்டு அறையில் போட்டார்கள்.

அவள் எழுந்து நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போனாள். கிடங்குக்காரரும் பின்னாலேயே வந்தார். அங்கே பியூன் ஒருவர் தபால் உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் காலை நகத்துங்க,” என்று அவரிடம் சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுத்தாள்.

இருந்தது. எல்லாம் இருந்தது. காம்பஸ் முனையால் கீறிய ஒரு வாத்தியார் முகம், மூக்கு முகத்தைவிடப் பெரிதாக. எத்தனை முறை உட்கார்ந்தான் என்று கணக்கு வைத்த ஒருவனின் கோடுகள், அஞ்சஞ்சாக. இன்னொருவன் ஏழாம் வாய்ப்பாட்டை முழுவதும் எழுதியிருந்தான். ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று. தண்டனை எதற்கு என்று கேட்க வேண்டியதே இல்லை.

பத்தொன்பது வருடம் இந்தப் பலகைக்கு மறுபக்கத்தில் அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

“அண்ணே,” என்றாள், “இதுதான் அந்த மேசை.”

கிடங்குக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். “இது வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் போகுதும்மா.”

“எங்க?”

“பழைய சாமான்காரன் லாரியில. கழிச்சுக்கட்டற பட்டியல்ல நாப்பத்து மூணு உருப்படி. இது முப்பத்தொண்ணாவது. உடைச்சு விறகாக்கப்போறானோ என்னமோ. அதுக்குப் பதிலா பிளாஸ்டிக் மேசை வருது. மடக்குற மாடல். ரொம்ப நல்லாருக்கு.”

“பட்டியல்லேருந்து எடுத்துடுங்க.”

“எடுத்தா நாப்பத்து ரெண்டு ஆயிடும். கையெழுத்தானது நாப்பத்து மூணுக்கு. ஒண்ணு குறைஞ்சா நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்வாங்க. நமக்கு ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு. ஏம்மா என் வயித்துல அடிக்கற?”

“நாட்டோட முதல் மேசை அண்ணே!”

“அப்ப உன் நோட்டுல சேத்துக்க. சேத்துட்டா நான் விட்டுடறேன்.”

“என் நோட்டுல சேக்கணும்னா சேகரிப்புக் குழு ஒப்புக்கணும். குழு அடுத்த மாசம்தான் கூடும்.”

“அப்ப அடுத்த மாசம் வா.”

“அடுத்த மாசம் மேசை இருக்காதே!”

“அதத்தான் நானும் சொல்றேன்,” என்றார் அவர், பிரச்சினை தீர்ந்துவிட்டவர் போல.

குழு கூடாமலே எழுதித் தரக்கூடியவர் இயக்குநர் ஒருவர்தான். அவரிடம் போனாள். அவர் ஒரு வருடத்துக்கு முன்பு குடிநீர் வாரியத்திலிருந்து மாறி வந்தவர். எதைச் சொன்னாலும் “பாக்கலாம்” என்பார். பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஊழியர்கள் அவரைப் ‘பாக்கலாம் சார்’ என்றுதான் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவர் மேசைமேல் விழா மலர் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. அட்டையில் மேசையின் படம்.

அவள் கடிதத்தைக் காட்டினாள், முத்திரையின் வருடத்தைச் சொன்னாள், இரண்டு நோட்டுகளையும் விரித்து வைத்தாள். அவர் ஒரு நிமிடம் கேட்டார். இரண்டாவது நிமிடத்தில் அவர் கண் அழைப்பிதழ் பக்கம் போய்விட்டது.

“ஏம்மா, அமைச்சர் மேசைக்கு அடியில படுத்துப் பாப்பாரா?”

“இல்ல சார், ஆனா...”

“பின்ன? மேல்பக்கம் நல்லாத்தானே இருக்கு. மெருகு போடவே நாலு நாள் ஆச்சு.”

“சார், நிஜ மேசை வியாழக்கிழமை லாரியில போயிடும். அத மட்டும் நிறுத்திட்டீங்கன்னா போதும். கூடத்தப்பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

“நிறுத்துன்னா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா அப்ப கூடத்துல இருக்கறது என்னன்னு கேப்பாங்க.” அவர் விழா மலரைத் தட்டிக்கொடுத்தார். “வெள்ளிக்கிழமை முடியட்டும். பாக்கலாம்.”

“வியாழக்கிழமை, சார்!”

“பாக்கலாம்மா.”

செவ்வாய்க்கிழமையும் போனாள். வாசலிலேயே, “கூட்டத்துல இருக்கார்” என்றார்கள். உள்ளே அவர் ஒரே ஆளாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாக நன்றாகவே தெரிந்தது. கடிதம் எழுதிக் கொடுத்தாள். கடிதத்தை வாங்கி, உள்வரும் தபால் எண் போட்டு, பதிலுக்கு ஏழு வேலை நாள் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவள் அங்கேயே கசக்கிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் நீவி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். எழுத்து எழுத்துதானே.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பாத்திரங்களை வைத்த சத்தத்திலேயே எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கணவர் மின்விசிறியைப் பிரித்துத் தரையில் பரப்பிவைத்திருந்தார். அந்த மூலையை விட்டு அசையவில்லை. அவருடைய அக்காதான் கேட்டாள். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் பார்சல் பிரித்து ஓய்வு பெற்றவள், இவளுக்கு அண்ணி முறை, இவர்களோடுதான் இருக்கிறாள். யாருக்கும் அடங்காத வாய்.

“என்ன, மூஞ்சிய ஒரு முழத்துக்குத் தூக்கி வெச்சிருக்க?”

இவள் கொட்டித் தீர்த்தாள். அண்ணி பயறு உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு நாளா அந்த மேசையில டிபன் பாக்ஸ் வெச்சுத் தின்னப்ப ஒருத்தனுக்கும் உறைக்கலையா?”

“அடியில யாரு அண்ணி பாக்கறா?”

“நீ பாத்திருக்கணும். வேலையே அதானே.”

சுரீர் என்றது.

அண்ணியே கொஞ்சம் இறங்கி வந்தாள். “எங்க ஆபீஸ்ல ஒரு பார்சலை நிறுத்தணும்னா, நிறுத்துங்கன்னு கெஞ்சினா ஒருத்தனும் காதுல போட்டுக்கமாட்டான். நான் என்ன செய்வேன் தெரியுமா? ‘கசிகிறது’ன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுவேன். அவ்வளவுதான். பெரிய அதிகாரியே கிட்ட வரமாட்டார்.”

“நிஜமாவே கசிஞ்சுதா?”

“கசியற மாதிரி இருந்துது.”

“அண்ணி, நான் நோட்டுல பொய் எழுதினதில்ல.”

“அப்படின்னா வியாழக்கிழமை வாசல்ல நின்னு லாரிக்கு டாட்டா காட்டு.”

மூலையிலிருந்து கணவர், “அக்கா, அவள ஏத்திவிடாத,” என்றார்.

“நீ விசிறியப் பாரு. நேத்தும் இப்படித்தான் பிரிச்ச.”

புதன்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் பதிவேட்டம்மா வேலைக்கு வந்தாள். அலமாரியிலிருந்து மஞ்சள் புத்தகத்தை எடுத்தாள்.

மஞ்சள் அட்டையைப் பற்றி அந்த இடத்தில் தெரியாதவர்கள் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மரவண்டு நுழைந்து, ஒரு பல்லக்கின் உள்ளெல்லாம் தின்று தவிடாக்கியது. தூக்கினார்கள், கையில் கம்பும் தரையில் தூளும்தான் மிஞ்சின. அதற்குப் பின் வந்த விதி இது: மரப்பொருளில் வண்டு என்று சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் மஞ்சள் அட்டை கட்டி, புத்தகத்தில் சேகரிப்பு எண்ணை எழுதலாம். கட்டிய நிமிடத்திலிருந்து இருபத்தொரு நாள் அந்தப் பொருள் எந்த வாசலையும் தாண்டக்கூடாது. இயக்குநர் சொன்னாலும் கூடாது. அட்டையை அவிழ்க்க இரண்டே வழி: இருபத்தொரு நாள் முடியணும், அல்லது கட்டியவரே தவறென்று எழுதித் தரணும்.

சாப்பாட்டு அறை மேசையின் காலில் ஒரு துளை இருந்தது. எப்போதோ அறிவிப்பு ஒட்டக் குத்திய குண்டூசித் துளை. அவளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் எழுதினாள்: ‘எண் 217. மேசை. தரைத்தளம். காலில் துளை. வண்டு இருக்கலாம் எனச் சந்தேகம்.’ சந்தேகம் என்றுதானே எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை. போய் அட்டையைக் கட்டிவிட்டு வந்தாள்.

அன்று முழுவதும் இயக்குநர் அறையில் அவளை உட்காரவைத்து அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதச் சொன்னார்கள். முன்னூறு உறை. அதனால் மத்தியானம் மருந்துக்காரர் வந்தது அவளுக்குத் தெரியாது.

மருந்துக்காரர் பூச்சிமருந்து அடிப்பவர். எல்லாருக்கும் அவர் ‘வண்டு’தான், அவரே போனில் “வண்டு பேசறேன்” என்பார். வந்தார், மஞ்சள் புத்தகத்தைப் பார்த்தார். சேகரிப்பு 217, மேசை, தரைத்தளம். இருப்பிடப் பட்டியலைப் பார்த்தார்: புதுக்கூடம், தரைத்தளம். அவர் எண்ணைப் பார்த்து வேலை செய்கிற மனிதர். சாப்பாட்டு அறையில் ஒரு சேகரிப்புப் பொருள் இருக்கும் என்று எந்த வண்டுக்குத் தோன்றும்? புதுக்கூடத்துக்குப் போனார். மேசையில் அட்டை இல்லை. அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று தாமே இன்னொரு மஞ்சள் அட்டை கட்டி, மேசையை மேலிருந்து கீழ்வரை தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, ஓரமெல்லாம் நாடா ஒட்டி, ‘விஷம், தொடாதே’ என்று எழுதிய காகிதத்தை நடுவில் ஒட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை அவள் படியேறும்போதே இயக்குநரின் குரல் வாசல் வரை கேட்டது. அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் உண்டு என்று யாருக்கும் தெரியாது.

புதுக்கூடத்தில் இயக்குநர், கிடங்குக்காரர், வண்டு மூவரும் நின்றார்கள். நடுவில் பிளாஸ்டிக் மூட்டையாக மேசை.

“யாரக் கேட்டு இதச் செஞ்ச?”

“புத்தகத்தக் கேட்டு சார்,” என்றார் வண்டு. “புத்தகத்துல இருக்கு, செஞ்சேன்.”

“அவிழு.”

“இருபத்தொரு நாள் சார்.”

“நாளைக்கு அமைச்சர் வர்றார்யா!”

“வரட்டும் சார். தொடமாட்டார்ல?”

இயக்குநர் பதிவேட்டம்மா பக்கம் திரும்பினார். “நீங்கதானே அட்டை கட்டினது?”

“நான் கட்டினது சாப்பாட்டு அறை மேசையில சார்.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள். “இதுல நான் கட்டல.”

“பாத்தியா! அப்ப இது இல்ல. அவிழு.”

வண்டு புத்தகத்தைத் திறந்து காட்டினார். “சேகரிப்பு இருநூத்திப் பதினேழுன்னு இருக்கு சார். இது சேகரிப்பு இருநூத்திப் பதினேழா இல்லையா?”

“ஆமாம், இதான்.”

“அப்ப அட்டை இதுக்குத்தான். அவிழ்க்க முடியாது.”

“சரி, இது இல்ல!”

“இது இல்லன்னா இது என்ன சார்?”

கிடங்குக்காரர் தொண்டையைச் செருமினார். “இது இல்லன்னா என் நோட்டு சார். அலுவலகச் சாமான்.”

இயக்குநர் பிளாஸ்டிக் மூட்டையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். குடிநீர் வாரியத்தில் இப்படி ஒரு குழாய் அவரைச் சுற்றி வளைத்திருக்காது. பதிவேட்டம்மா இதைத் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அவள் மெதுவாகச் சொன்னாள்:

“எது சேகரிப்பு, எது அலுவலகம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, வண்டு அலுவலகத்தோடத அவிழ்ப்பார் சார்.”

“எழுதறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்ல?”

“பாருங்க சார். அதத்தான் திங்கட்கிழமையிலேருந்து சொல்றேன்.”

சாப்பாட்டு அறையில் இயக்குநர் கோட்டைக் கழற்றிக் கிடங்குக்காரரிடம் கொடுத்துவிட்டு, முனகிக்கொண்டே முட்டி போட்டு, மேசைக்கு அடியில் போனார். அவர் வயிறு மட்டும் வெளியே நின்றது. டார்ச் வெளிச்சம் அடியில் அங்கும் இங்கும் போனது. பிறகு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வண்டு குனிந்து, “சார், மூச்சு வருதா?” என்று கேட்டார்.

“ஏழெட்டு எவ்வளவு?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“ஐம்பத்தாறு சார்.”

“இந்தப் பயல் ஐம்பத்து நாலுன்னு போட்டிருக்கான்.” கொஞ்சம் பொறுத்து, “எங்க வாத்தியாரும் மேசைக்கு அடியிலதான் உக்கார வைப்பார்,” என்றார்.

வெளியே வந்தபோது அவர் தலைமுடியெல்லாம் ஒட்டடை. யாரையும் பார்க்காமல் பேனா கேட்டார். சிவப்புப் பதிவேட்டில் எழுதினார்: ‘சாப்பாட்டு அறையில் உள்ளதே சேகரிப்பு 217. புதுக்கூடத்தில் உள்ளது அலுவலகச் சாமான்.’ கையெழுத்து, தேதி. பதிவேட்டம்மா தண்ணீர் குடித்த மாதிரி மூச்சு விட்டாள். இனி எந்த லாரியும் அதைத் தொடமுடியாது.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. கிடங்குக்காரருக்கு ஒரே குஷி. “என் பட்டியல்ல இருநூத்திப் பதினேழுதானே இருக்கு? புதுக்கூடத்து மேசைய ஏத்திடறேன். நாப்பத்து மூணு நாப்பத்து மூணாவே இருக்கும்!” என்று ஓடினார். நாலு நாள் மெருகு போட்ட மேசை, பிளாஸ்டிக்கைக் கிழித்து, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் ஏறிப் போனது.

“சரி,” என்றார் இயக்குநர், “இதத் தூக்கிக் கூடத்துல போடுங்க.”

வண்டு அசையவில்லை. “இருபத்தொரு நாள் சார்.”

“யோவ்!”

“இது சேகரிப்பு இருநூத்திப் பதினேழு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மஞ்சள் அட்டை இருக்கு. வாசல் தாண்டக்கூடாது.”

கூடத்தில் வெறும் மேடை. நாளை அமைச்சர். இயக்குநர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு, லாரியை அனுப்பிவிட்டுத் திரும்பிய கிடங்குக்காரரையும் சேர்த்து மூவரும் ஒரே நேரத்தில் பதிவேட்டம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் கட்டிய அட்டை. அவள்தான் அவிழ்க்க முடியும். தவறென்று எழுதித் தரணும். பத்தொன்பது வருடம் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

மேசை தப்பியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்துப் போனால் என்ன? யாரும் அவளை ஒன்றும் கேட்க முடியாது. வெறும் மேடையில் ஒரு படத்தை வைத்துக்கொள்ளட்டும், அவள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஆனால் நாளைக்கு வருகிற முன்னூறு பேர், உறைகளில் அவள் கையாலேயே பெயர் எழுதிய முன்னூறு பேர், எதைப் பார்க்க வருகிறார்களோ அது இருபதடி தள்ளிச் சாப்பாட்டு அறையில் கிடக்கும். அதற்குக் காரணம் அவள் எழுதிய ஒரு பொய்யாக இருக்கும்.

“புத்தகத்தக் குடுங்க,” என்றாள்.

‘மேலே நான் எழுதியது பொய். வண்டு இல்லை. துளை குண்டூசியால் ஆனது. எழுதும்போதே எனக்குத் தெரியும்.’ கையெழுத்துப் போட்டாள்.

வண்டு வாசித்துவிட்டு, “அக்கா, ‘தவறு’ன்னு எழுதினாப் போதுமே. எதுக்கு ‘பொய்’?” என்றார்.

“பொய்தானே.”

அட்டையை அவிழ்த்தார்கள். நாலு பேர் மேசையைத் தூக்கினார்கள். வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் அதன் மேல்பலகை கண்ணுக்குத் தெரிந்தது: ஒன்றின்மேல் ஒன்றாகத் தேநீர்க் குவளைகளின் வட்டம். வண்டு துணியை எடுத்தார். “தேய்க்காதீங்க,” என்றாள், “இருக்கறது இருக்கட்டும்.” சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பியூன் அவளிடம் ஓர் உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். மஞ்சள் புத்தகத்தில் தெரிந்தே பொய்ப் பதிவு செய்ததற்கு மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். கீழே இயக்குநரின் கையெழுத்து. தலைமுடியில் ஒட்டடையோடு போட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்தார். கூட்டத்தின் கடைசி வரிசையில் அவள் நின்றாள். அமைச்சர் மேசையின் அருகே நின்று, ஒரு வட்டத்தின்மேல் விரல் வைத்து, “இது என்ன கறை?” என்று கேட்டார்.

இயக்குநர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “முதல் பேரவையில சிந்தின மை சார். அப்படியே பாதுகாத்து வெச்சிருக்கோம்.”

கூட்டம் ‘ஓ’ என்றது. அமைச்சர் விரலை எடுத்து, கையைக் கூப்பினார். காமிராக்கள் மின்னின. பதிவேட்டம்மா கடைசி வரிசையில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவள் விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். எதிரே அண்ணி செய்தித்தாளைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள்.

“‘நம் முன்னோர் சிந்திய மை இன்றும் அழியாமல் இருப்பதைக் கண்டு அமைச்சர் கண்கலங்கினார்.’ ஏம்மா, மை வட்டம் வட்டமாவா சிந்தும்?”

“அண்ணி, போதும்.”

“‘நிபுணர்கள் மையை ஆராய்ந்து வருகிறார்கள்.’ யாரு நிபுணர்? நீயா?”

பதிவேட்டம்மா பேனாவை மேசைமேல் எறிந்தாள். அது உருண்டு கணவரின் விசிறித் துண்டுகளுக்குள் போய் விழுந்தது. அவர் எடுத்துத் துடைத்து, அவள் பக்கத்தில் வைத்தார். அவள் இரண்டாவது பத்தியை ஆரம்பித்தாள். ‘மேலும், மேசையின் மேல்பலகையில் உள்ள கறைகள் மை அல்ல என்பதையும் தெரிவிக்கிறேன்.’

அண்ணி எட்டிப் பார்த்தாள். “அதையும் எழுதப்போறியா? இதுக்கு இன்னொரு மெமோ வருமே.”

“வரட்டும்.”

“மை இல்லன்னா என்னன்னு கேப்பான்.”

‘அவை தேநீர். சாப்பாட்டு அறையில் ஊழியர்கள் குவளை வைத்த தடங்கள்.’ கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினாள்: ‘வலது ஓரத்தில் உள்ள பெரிய வட்டம் என்னுடையது.’